லாரி புல்லிங் இல்ல, ஹீட்டும் ஏறுது: இஞ்சினப் பிரிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

வண்டி புல்லிங் இல்லாம போறது ஒரு கோளாறு, இஞ்சின் ஹீட் ஆகறது வேற கோளாறுன்னு புதுசா லாரிக்கு வர்றவங்க நெனைச்சுக்கறாங்க, ஆனா பெரும்பாலும் ரெண்டும் ஒரே இடத்துல இருந்துதான் கிளம்பும். டீசல் எரிஞ்சா அதுல வர்ற சக்தில பாதிக்கும் கம்மிதான் சக்கரத்த சுத்த வைக்குது, மிச்சம் பூரா சூடா சைலன்சர் வழியாவும் ரேடியேட்டர் வழியாவும் வெளிய போயாகணும். காத்து கம்மியா போனாலும் புகை வெளிய போக வழியில்லாம அடைச்சாலும் பிரேக் பிடிச்சுக்கிட்டே வந்தாலும் இஞ்சின் அதே வேலைக்கு அதிக டீசல எரிக்கும், இழுவை குறையும், டெம்பரேச்சர் மீட்டர் முள்ளும் ஏறும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு பழைய பத்து சக்கரமோ பன்னெண்டு சக்கரமோ வாங்கி தொழில ஆரம்பிக்கற தம்பிங்களுக்கும், கிளீனரா இருந்து இப்பத்தான் ஸ்டியரிங் பிடிக்கறவங்களுக்கும்தான் இத எழுதறேன். வண்டி இழுக்கலன்னு பட்டறைக்குக் கொண்டு போனதும் "இஞ்சின் வேலை இருக்கு, பிரிச்சுரலாம்"னு சொன்னா உடனே தலையாட்டிறாதீங்க. கீழ சொல்ற வேலைல முக்காவாசி ஒரு ஸ்பேனர் செட்டு, ஒரு டார்ச், கொஞ்சம் பொறுமை இருந்தா நீங்களே பாக்கறதுதான், காசு கம்மியா ஆகறத மொதல்ல பாத்துட்டு காசு அதிகமா ஆகறத கடைசில தொடணும், இந்த வரிசைய மட்டும் யார் சொன்னாலும் மாத்தாதீங்க.

ரோட்டுல முள்ளு ஏறுனா

சேலத்துல இருந்து தர்மபுரி போறப்ப தொப்பூர் ஏத்தத்துல லோடோட போறீங்க, முள்ளு சிவப்பப் பாத்து ஏறுதுன்னு வைங்க. மொதல்ல ஒரு கியர் கம்மி பண்ணுங்க. பெரிய கியர்ல கம்மி ஆர்பிஎம்ல இஞ்சின நசுக்கி ஓட்டறதுதான் ஹீட்டுக்கு பெரிய காரணம், ஏன்னா ஆர்பிஎம் கம்மியானா வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவா சுத்தும், ஆனா உள்ள எரியற டீசல் மட்டும் குறையாது. கேபின்ல ஏசி இருந்தா ஆஃப் பண்ணுங்க, ஹீட்டர் இருந்தா ஃபுல்லா போட்டு கண்ணாடிய எறக்கி விடுங்க, வேர்த்து ஊத்தினாலும் பரவால்ல, அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான்.

அப்படியும் எறங்கலன்னா ஓரமா நல்ல எடம் பாத்து நிறுத்தி, சக்கரத்துக்கு கட்டை வச்சு, இஞ்சின உடனே ஆஃப் பண்ணாம ஐடில்ல ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. உடனே ஆஃப் பண்ணா தண்ணி ஓட்டம் நின்னு ஹெட்டுக்குள்ள சூடு தேங்கும், டர்போவுக்கும் ஆயில் போகாம அடி வாங்கும். ஆனா ஹோஸ் வெடிச்சு தண்ணி கொட்டுது, இல்ல ஆயில் பிரஷர் விளக்கு எரியுதுன்னா மட்டும் ஒரு நொடி கூட ஓட விடாதீங்க, அங்கயே ஆஃப்.

இன்னொண்ணு கவனிங்க. மேல ஏறிக்கிட்டு இருந்த முள்ளு திடீர்னு கீழ விழுந்தா "அப்பாடா கூலாயிருச்சு"ன்னு நெனைச்சு மிதிக்காதீங்க, சென்சார் இருக்கற எடத்துல தண்ணியே இல்லாம போயிருந்தாலும் முள்ளு அப்படித்தான் விழும், அந்த நேரத்துல இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுனா ஹெட் வளைஞ்சு பிஸ்டன் பிடிச்சுக்கும்.

ரேடியேட்டர் மூடிய சூட்டுல தொறக்கவே கூடாது. ஒரு பார் அழுத்தம் பிடிக்கற மூடி இருந்தா உள்ள இருக்கற தண்ணி 120 டிகிரி கிட்ட போனாத்தான் கொதிக்கும், நீங்க மூடியத் தொறந்த நொடி அழுத்தம் போயி அத்தனையும் ஆவியா மூஞ்சில அடிக்கும், கண்ணு போனவங்க இருக்காங்க. மேல் ஹோஸ கையால பிடிச்சு கொஞ்ச நேரம் வச்சிருக்க முடியற அளவுக்கு ஆறணும், அப்பறம் கனமான துணி போட்டு பாதி திருகி காத்து எறங்கினதுக்கு அப்பறமாத்தான் முழுசா எடுக்கணும். சூடான இஞ்சின்ல பச்சத்தண்ணிய மடமடன்னு ஊத்தினா ஹெட்டு விரிசல் விடும், நல்லா ஆறினதுக்கு அப்பறம் இஞ்சின ஐடில்ல விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா? லோடுல மட்டுமா, காலியாவுமா? டிராஃபிக்ல நிக்கறப்ப ஹீட் ஆகுதா, ஹைவேல ஓடறப்பவா? கடைசியா என்ன வேலை பாத்தீங்க? இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

நிக்கறப்பவும் மெதுவா போறப்பவும் ஹீட் ஏறி, ஓடறப்ப எறங்கினா ஃபேன் பக்கம் பாருங்க, ஏன்னா ஓடறப்ப ரோட்டுக் காத்தே ரேடியேட்டருக்கு போதும். ஓடறப்ப ஏறினா தண்ணி ஓட்டம் கம்மி, இல்லன்னா ரேடியேட்டர் அடைப்பு. ஏத்தத்துல மட்டும் ஏறினா ரேடியேட்டரும் வெளிய அடைஞ்சிருக்கலாம், டர்போ காத்தும் கம்மியா இருக்கலாம், லோடும் ஜாஸ்தியா இருக்கலாம். போன வாரம் பட்டறைல ஏதோ கழட்டி மாட்டினாங்க, அதுக்கப்பறம்தான் இப்படின்னா அந்த வேலைலதான் மொதல்ல கைய வைங்க, ஃபேன தலைகீழா மாட்டினது, ஹோஸ் கிளாம்ப் டைட் பண்ணாம விட்டது எல்லாம் நடக்கற விஷயம்தான்.

புகையயும் பாருங்க. கருப்பா தள்ளினா டீசலுக்கு ஏத்த காத்து போகல. நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளையா வந்தா டீசல் எரியாம வருது, இல்ல தண்ணி உள்ள போகுது, காலைல குளிருல கொஞ்ச நேரம் வர்றது சகஜம், சூடான அப்பறமும் நிக்காம வந்தாத்தான் யோசிக்கணும். புகையே இல்ல ஆனா இழுவையும் இல்லன்னா டீசலே போதுமான அளவு வரல, இல்ல கம்ப்யூட்டரே பவர குறைச்சு வச்சிருக்கு. பிஎஸ் 6 வண்டில, அதாவது 2020ல வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச வண்டில, இந்த புகைக் கணக்கு செல்லாது, சைலன்சர்ல இருக்கற டிபிஎஃப் ஃபில்டரு கருப்புப் புகைய பிடிச்சு வச்சுக்கும், அதனால வெளிய ஒண்ணும் தெரியாது.

காத்து வழி

ஏர் ஃபில்டர்ல இருந்து ஆரம்பிங்க. ஃபில்டர் பக்கத்துல ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும், சிவப்பு வந்திருந்தா அடைச்சிருக்குன்னு அர்த்தம். டயர்ல தட்டி தூசி ஒதறாதீங்க, பேப்பர் கிழியும், கிழிஞ்ச ஓட்டை வழியா போற மண்ணு லைனரயும் பிஸ்டன் ரிங்கயும் தேச்சுரும், அந்தச் செலவுக்கு ஃபில்டர் விலை ஒண்ணுமே இல்ல. காத்து அடிக்கணும்னா உள்ள இருந்து வெளிய, முப்பது பவுண்டுக்கு மேல வேண்டாம். உள்ள இருக்கற சின்ன ஃபில்டர க்ளீன் பண்ணவே கூடாது, மாத்தத்தான் வேணும்.

அடுத்து, காத்த அமுக்கித் தள்ற டர்போல இருந்து அந்தக் காத்த ஆற வைக்கற இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இஞ்சினுக்கும் போற ரப்பர் ஹோஸ். இதுல கீறல் இருந்தா ஐடில்ல ஒண்ணும் தெரியாது, லோடுல மிதிக்கறப்ப மட்டும் ஸ்ஸ்ஸ்னு சத்தம் வரும், கருப்பா புகை தள்ளும், வண்டி இழுக்காது. எடத்தக் கண்டுபிடிக்கறது ஈஸிதான், ஹோஸுக்குள்ள எப்பவும் லேசா ஆயில் ஆவி இருக்கும், கசியற எடத்துல அது வெளிய வந்து தூசி ஒட்டி கருப்பா பிசுபிசுன்னு இருக்கும், டார்ச் அடிச்சு ஹோஸோட அடிப்பக்கம் வரைக்கும் கைய விட்டுத் தடவிப் பாருங்க, இஞ்சின் ஆஃப்ல, ஆறினதுக்கு அப்பறம்.

டர்போவ பாக்கணும்னா ஏர் பைப்ப கழட்டி ஷாஃப்ட கையால ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல ரொம்ப லேசா ஆட்டம் இருக்கும், அது இருக்கணும். முன்னபின்ன ஆட்டம் கைக்குத் தெரிஞ்சாலோ, எலை பாடில உரசின தடம் இருந்தாலோ டர்போ போச்சு. ஆனா டர்போ சும்மா போகாது, ஆயில் பைப் அடைச்சதா, ஃபில்டர் வழியா மண்ணு வந்துச்சான்னு காரணத்தப் பாக்காம புது டர்போ மாட்டினா அதுவும் சீக்கிரம் போயிரும்.

இப்ப நிறைய பேரு மறந்துடற ஒரு விஷயம், புகை போற வழிய ஒரு தகட்டால அடைச்சு வண்டி வேகத்தக் குறைக்கற எக்ஸாஸ்ட் பிரேக். அந்த வால்வு தகடு கரி பிடிச்சு பாதி மூடின நிலையில நின்னுச்சுன்னா புகை வெளிய போக வழி இல்லாம இஞ்சின் மூக்கப் பொத்திக்கிட்டு மாடி ஏறின மாதிரி திணறும். புல்லிங்கும் போகும், ஹீட்டும் ஏறும், ரெண்டுமே ஒரே நேரத்துல வந்த வண்டில நான் ஏர் ஃபில்டருக்கு அடுத்து இதத்தான் பாப்பேன். ஸ்விட்ச ஆன் ஆஃப் பண்ணச் சொல்லிட்டு வெளிய லீவர் முழுசா திரும்பி வருதான்னு பாருங்க, வரலன்னா சுத்தம் பண்ணி விட்டாலே பாதி கேஸு சரியாயிரும்.

டீசல் வழி

மொதல்ல ஆக்சிலேட்டர் பெடல் கடைசி வரைக்கும் போகுதான்னு பாருங்க, அடியில மேட் மடிஞ்சு சிக்கி முழு த்ராட்டில் கிடைக்காம "புல்லிங் இல்ல"ன்னு வர்ற வண்டியும் உண்டு.

ஒரு மணி நேரம் நல்லா ஓடி அப்பறம் திணறுது, நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா மறுபடி நல்லா ஓடுதுன்னா டேங்க் மூடியத் தொறந்து பாருங்க, புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடில இருக்கற மூச்சு ஓட்டை அடைஞ்சிருக்கு, உள்ள வாக்குவம் ஆகி டீசல் வரமாட்டேங்குது. அடுத்து டேங்குக்குள்ள இருக்கற ஸ்ட்ரெய்னர், அப்பறம் டேங்க்ல இருந்து வர்ற பைப்பு. அந்தப் பைப்புல மயிரளவு கீறல் இருந்தா டீசல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும், அதனால கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு முன்னாடி ஒரு துண்டு கண்ணாடி மாதிரி தெரியற ட்யூப் மாட்டி பாத்தா குமிழி வர்றது தெரிஞ்சுரும்.

ஃபில்டர் அடியில வாட்டர் செபரேட்டர் இருக்கு, தினம் காலைல இஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தொறந்து ஒரு பாட்டில்ல பிடிங்க, தண்ணி அடியில தங்கும், சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் விட்டு மூடுங்க. புது ஃபில்டர் மாட்டறப்ப மெயின் ஃபில்டர்ல கேன்ல இருந்து டீசல ஊத்தி நிரப்பி மாட்டற பழக்கத்த விட்டுருங்க, அந்த டீசல் ஃபில்டர் ஆகாம நேரா பம்புக்குப் போகும், ஹேண்ட் பிரைமர அடிச்சு ஏர் லாக் எடுங்க.

பழைய வண்டில நாசல் பைப் நட்ட ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாப்பாங்க. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போற காமன் ரெயில் வண்டில அத கனவுல கூட பண்ணாதீங்க. உள்ள 1600 பாருக்கு மேல போற வண்டியெல்லாம் இருக்கு, கசிவு எங்கன்னு கைய வச்சுப் பாத்தா டீசல் தோலக் கிழிச்சு உள்ள போயிரும், வெளிய சின்ன புள்ளியாத்தான் தெரியும், ஆனா கையவே எடுக்கற நிலைமை வரலாம், அப்படி பட்டுட்டா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எந்த இன்ஜெக்டர் சரியில்லன்னு ஸ்கேனர் போட்டே பாக்கலாம்.

இஞ்சின்ல குத்தம் இல்லாமலே இழுக்காத வண்டி

பிரேக் ஜாம் ஆகி வர்ற வண்டிய இஞ்சின் வேலைன்னு சொல்லி பிரிச்ச கதையெல்லாம் ஏராளம். சமதளத்துல ரொம்ப பிரேக் அடிக்காம ஒரு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்துல கைய காட்டுங்க, தொடாதீங்க. ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அங்க லைனிங் பிடிச்சுக்கிட்டு வருது, இல்ல பேரிங் டைட்டு. ஜாக்கி போட்டு சக்கரத்த கையால சுத்திப் பாத்தா உறுதியாயிரும். க்ளட்ச் ஸ்லிப்பும் இப்படித்தான், ஏத்தத்துல ஆர்பிஎம் ஏறும் ஆனா வேகம் ஏறாது, கருகின வாசனை வரும். டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் இழுவை கெடும். ஓவர்லோடு ஏத்திட்டு புல்லிங் இல்லன்னு சொன்னா எந்த மெக்கானிக்காலும் ஒண்ணும் செய்ய முடியாதுங்க.

தண்ணி வழி

இஞ்சின் ஆறி இருக்கறப்ப லெவல் பாருங்க. குறையுதுன்னா எங்கயோ போகுது, சும்மா ஊத்திக்கிட்டே ஓட்டாதீங்க. காஞ்ச வெள்ளைத் தடமோ பச்சைத் தடமோ ஹோஸ் முனையில, வாட்டர் பம்ப் அடியில இருக்கற சின்ன ஓட்டையில, ரேடியேட்டர் ஓரத்துல தெரியும். பம்ப் ஓட்டையில சொட்டினா சீல் போயிருச்சு, அந்த ஓட்டைய எம்சீல் போட்டு அடைக்காதீங்க, தண்ணி பேரிங்குக்குப் போயி பம்பே உடையும். வெளிய எங்கயும் தடமே இல்ல ஆனா தண்ணி குறையுதுன்னா புகைல கொஞ்சத்த ஆற வச்சு திரும்ப இஞ்சினுக்கே அனுப்பற ஈஜிஆர் கூலர சந்தேகப்படுங்க, அது உள்ளுக்குள்ள கசிஞ்சா தண்ணி புகையோட போயிரும்.

ரேடியேட்டர முன்னாடி நின்னு பாத்துட்டு சுத்தமா இருக்குன்னு சொல்லிறாதீங்க. முன்னாடி இன்டர்கூலர் இருக்கு, அதுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் வைக்கோல், உமி, பூச்சி, செம்மண் எல்லாம் மெத்தை மாதிரி படிஞ்சு கிடக்கும், தவுடு, மக்காச்சோளம், பஞ்சு லோடு அடிக்கற வண்டில கேக்கவே வேண்டாம். இஞ்சின் பக்கத்துல இருந்து வெளிய பாத்து தண்ணி அடிங்க, வாட்டர் சர்வீஸ் கன்ன கிட்ட வச்சு அடிச்சா ஃபின் எல்லாம் மடிஞ்சு அதுவே அடைப்பாயிரும்.

ஃபேன் பெல்ட்ட நடுவுல கட்டைவிரலால அமுக்குங்க, பழைய வி பெல்ட்டா இருந்தா ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு எறங்கினா சரி. சூட்டுக்குத் தகுந்த மாதிரி க்ளட்ச் பிடிச்சு சுத்தற விஸ்கஸ் ஃபேனா இருந்தா இஞ்சின் ஆஃப்ல கையால சுத்தி விடுங்க, பிடிச்சு பிடிச்சு சுத்தணும், விட்டதும் பல சுத்து லூசா ஓடினா க்ளட்ச் வேலை செய்யல. ஃபேன சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கவர் உடைஞ்சிருந்தா அதையும் மாட்டுங்க, அது இல்லன்னா ஃபேன் சுத்தின காத்தையே திரும்ப சுத்தும். கீழ் ஹோஸ் மேல ஒரு கண்ணு வைங்க, ஆர்பிஎம் ஏத்தறப்ப அது சப்பையா ஒட்டினா ஹோஸ் பலமில்ல, இல்ல ரேடியேட்டர் உள்ள அடைப்பு.

தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி தொறந்து விடற தெர்மோஸ்டாட் பத்தி அழுத்தமாவே சொல்றேன். ஹீட் ஆனா அதக் கழட்டி வீசிடற பழக்கம் நம்ம பட்டறைகள்ல இன்னும் போகல. பல இஞ்சின்ல அது ஒரு பக்கம் ரேடியேட்டர் வழிய தொறக்கறப்ப இன்னொரு பக்கம் பைபாஸ் வழிய மூடும், கழட்டிட்டா தண்ணி சுலபமான பைபாஸ் வழியாவே சுத்திக்கிட்டு ரேடியேட்டருக்குப் போறது குறைஞ்சு லோடுல இன்னும் ஹீட் ஆகும். காலியா ஓடறப்ப இஞ்சின் சூடே ஏறாம டீசல் தின்னும், பிஎஸ் 6ல டிபிஎஃப் சுத்தமாகற வேலையும் கெடும். சந்தேகமா இருந்தா கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணில போட்டு தெர்மாமீட்டரோட சூடு பண்ணுங்க, அது மேல அடிச்சிருக்கற டிகிரில, 82ன்னு இருந்தா அந்த சுமாருல, தொறக்க ஆரம்பிக்கணும். தொறக்கலன்னா அதே நம்பர்ல புதுசு வாங்கி மாட்டுங்க.

போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தறத நிறுத்துங்க, நம்ம பக்கம் போர் தண்ணில இருக்கற உப்புக்கு உள்ள சுண்ணாம்பு படிஞ்சு சூடு வெளிய வரவே விடாது, லைனரோட வெளிப்பக்கம் நேரா தண்ணில நிக்கற வெட் லைனர் இஞ்சின்ல சரியான கூலன்ட் இல்லன்னா லைனர் வெளிப்பக்கம் பொத்தல் பொத்தலா அரிச்சு தண்ணி ஆயில்ல கலக்கும். கம்பெனி சொல்ற கூலன்ட், கலக்கணும்னா டிஸ்டில்டு வாட்டர். வேற வேற வகை கூலன்ட்ட ஒண்ணா கலக்காதீங்க.

பிஎஸ் 6 வண்டில கம்ப்யூட்டர் பவர குறைச்சா

2020 ஏப்ரல் 1க்கு அப்பறம் புதுசா வித்த வண்டியெல்லாம் பிஎஸ் 6. இதுல புகைய சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்தற யூரியா கம்மியானாலும், யூரியா தரம் சரியில்லன்னாலும், டிபிஎஃப் கரி நிறைஞ்சாலும், கூலன்ட் சூடு ஏறினாலும் கம்ப்யூட்டரே பவர குறைக்கும், யூரியா விஷயத்துல அது புகை விதிக்காக, மத்ததுல இஞ்சினயும் சைலன்சரயும் காப்பாத்த பண்றது. டாஷ்போர்டுல எந்த விளக்கு எரியுதுன்னு போட்டோ எடுத்து வைங்க. யூரியான்னா 32.5 சதவீத கலவை, சீல் பிரிக்காத கேன்ல வாங்குங்க, உர யூரியாவ தண்ணில கரைச்சு ஊத்தினா யூரியாவ வச்சு புகைய சுத்தம் பண்ற எஸ்சிஆர் மொத்தமா வீணாகும். வண்டிய நிறுத்தி வச்சு, டிபிஎஃப்ல இருக்கற கரிய எரிக்கற ரீஜென் போடறப்ப சைலன்சர் உள்ள 600 டிகிரி கிட்ட போகும், காஞ்ச புல்லு, வைக்கோல் போர், பெட்ரோல் பங்க் பக்கம் போடவே கூடாது. ஸ்கேனர்ல வர்ற கோடு எந்தப் பக்கம் கோளாறுன்னு காட்டும், எந்த பார்ட்ட மாத்தணும்னு சொல்லாது, கோடு வந்ததும் சென்சார மாத்தறவங்ககிட்ட வயர் கனெக்டர சுத்தம் பண்ணிப் பாத்தீங்களான்னு கேளுங்க.

இதெல்லாம் பாத்த பிறகும்

அப்பத்தான் இஞ்சினுக்குள்ள. காலைல ஆறின இஞ்சின்ல மூடியத் தொறந்து ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர்ல விடாம குமிழி வருதான்னு பாருங்க, ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆகுதா, டிப்ஸ்டிக்ல ஆயில் மோர் மாதிரி இருக்கான்னும் பாருங்க. குமிழி வந்தா ஹெட் கேஸ்கட்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏர் பிரேக் கம்ப்ரஸரும் நிறைய வண்டில தண்ணில கூல் ஆகறதுதான், அதோட கேஸ்கட் போனாலும் காத்து ரேடியேட்டர்ல குமிழியா வரும். கம்ப்ரஸருக்குப் போற தண்ணி லைன தற்காலிகமா பிரிச்சு அடைச்சுட்டு கொஞ்ச நேரம் மட்டும் ஐடில்ல விட்டுப் பாக்கச் சொல்லுங்க, குமிழி நின்னுச்சுன்னா ஹெட்ட எறக்கற செலவு மிச்சம். ஆயில் ஊத்தற மூடிய எடுத்தா பொகுபொகுன்னு வேகமா புகை தள்ளுதுன்னா பேக் கம்ப்ரஷன், ரிங் லைனர் தேஞ்சிருக்கு, அதுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து அளவ கையில வாங்கிட்டு அப்பறமா இஞ்சின் வேலைக்கு சம்மதிங்க.

வேலை முடிஞ்சதும் காலியா ஒரு ரவுண்டு ஓட்டி "சரியாயிருச்சு"ன்னு சாவிய வாங்கிட்டு வராதீங்க. லோடோட, உங்களுக்குப் பழக்கமான ஒரு ஏத்தத்துல, எந்த கியர்ல எவ்வளவு ஆர்பிஎம்ல ஏறுது, முள்ளு எங்க நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதிக்கங்க, வண்டி நல்லா இருக்கறப்ப எழுதி வச்ச கணக்கு இருந்தாத்தான் அடுத்த தடவ இழுவை குறையறது மொத வாரத்துலயே தெரியும். மறுநாள் காலைல ஆறின இஞ்சின்ல கூலன்ட் லெவல திரும்பப் பாத்துட்டு, புதுசா மாட்டின ஹோஸ் கிளாம்ப் எல்லாத்தையும் இன்னொரு தடவ டைட் வச்சுட்டு கிளம்புங்க.